ரிசர்வில் இருக்கும் விமானிக்கு உடம்பு முடியவில்லை என்றால்

அமெரிக்காவில் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகச் சேர்ந்து ஒன்பது மாதமான இளைஞர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். வீடு ஆஸ்டினில், பேஸ் (பணி தொடங்கும் ஊர்) சிகாகோவில். மனைவிக்கு ஆஸ்டினில் வேலை, ஒன்றரை வயது மகள் டேகேர் போகிறாள். சீனியாரிட்டி பட்டியலில் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் மாதாமாதம் ரிசர்வ்தான்: நிலையான பயண அட்டவணை இல்லாமல், கூப்பிட்டால் வரக் காத்திருக்கும் பணி. அதிலும் பெரும்பாலும் ஷார்ட் கால். போன் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

போன மாதம் மகளிடமிருந்து அவருக்குச் சளி தொற்றியது. ரிசர்வ் தொடங்குவதற்கு முந்தைய இரவு ஜம்ப் சீட்டில் (காக்பிட்டில் இருக்கும் கூடுதல் இருக்கை) சிகாகோ வந்து, கிராஷ் பேடில் (விமானிகள் பலர் பகிர்ந்து தங்கும் அறை) இரவு நேரச் சளி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அதிகாலை நாலேகாலுக்கு பணி ஒதுக்கும் ஷெட்யூலிங் பிரிவிலிருந்து போன். அன்றைக்கு நாலு லெக், அதாவது நாலு தனித்தனிப் பயணம். மூன்றாவது லெக்கில் விமானம் இறங்கும்போது வலது காது அடைத்துக்கொண்டு பொறுக்க முடியாத வலி. கன்ட்ரோலர் ஆல்டிமீட்டரில் (உயரம் காட்டும் கருவி) வைக்க வேண்டிய காற்றழுத்த அளவு 29.82 என்று சொன்னதை 29.92 என்று கேட்டு வைத்துவிட்டார். கேப்டன் கவனித்துத் திருத்தியிருக்கிறார்.

சிக் கால் செய்யாததற்கு, அதாவது உடம்பு சரியில்லை என்று நிறுவனத்துக்குப் போன் செய்யாததற்கு, அவர் சொல்லும் காரணம்தான் கடிதத்தின் மையம். இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்டினிலிருந்து கிளம்பிய எல்லா விமானமும் நிரம்பி, ஜம்ப் சீட்டும் வேறொருவருக்குப் போய்விட்டது. நண்பர் ஒருவர் “உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு, கேள்வியே வராது” என்று சொல்ல, அப்படியே செய்திருக்கிறார். “புரொபேஷனில் ஒரு சிக் கால் ஏற்கெனவே போய்விட்டது டாக்டர், இரண்டாவதற்குத் தைரியம் வரவில்லை” என்கிறார். கேப்டன் ஒருவரும் “ரிசர்வில் இருப்பவன் சிக் கூப்பிட்டால் பெயர் கெட்டுப்போகும்” என்று எச்சரித்திருக்கிறாராம். சும்மா இருக்கும் நாளுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு சிக் சொல்வது நியாயமா, எஃப்.ஏ.ஏ.வுக்கு (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) தெரிந்து மெடிக்கல், அதாவது பறப்பதற்கான மருத்துவச் சான்று, போய்விடுமா, முன்பு செய்தது குற்றமா, குடும்பத்தைச் சிகாகோவுக்கு மாற்றிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நண்பரே, நான் விமானிகளுக்கு மருத்துவச் சான்று தரும் டாக்டர், வழக்கறிஞர் அல்ல. ஒப்பந்தம் பற்றிய இடங்களில் உங்கள் யூனியன் பிரதிநிதியிடம் போகச் சொல்வேன். ஆனால் இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பு நன்றாக இருந்த நாளில் சிக் சொன்னீர்கள். உடம்பு முடியாத நாளில் சொல்லவில்லை. முதலாவது பொய்தான் இரண்டாவது நாளில் உங்கள் வாயை அடைத்தது. நண்பர் சொன்ன யோசனையில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாட்டிக்கொள்வது அடுத்த கவலை.

முதலில் அந்தக் காது

இன்றைக்கும் காது மந்தமாக இருந்தாலோ, உள்ளே தண்ணீர் நிற்பதுபோல் இருந்தாலோ, பறக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்பறையில் ரத்தக் கசிவோ கிழிசலோ இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

“சாதாரணச் சளிதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் அது சாதாரணம். விமானம் உயரத்தில் இருக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாகும் வரைக்கும் குறைகிறது. மேலே ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று யூஸ்டேஷியன் குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படியில்லை. காற்று உள்ளே போக வேண்டும், அதற்குக் குழாய் திறக்க வேண்டும். சளியில் வீங்கிய குழாய் திறக்காது. வெளி அழுத்தம் செவிப்பறையை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். வலி, கேட்கும் திறன் குறைவு, சில சமயம் ஒரு காது மட்டும் திறந்து இன்னொன்று அடைந்திருப்பதால் திடீர்த் தலைசுற்றல். இதெல்லாம் நடப்பது விமானம் தரையை நெருங்கும் நேரத்தில், அதாவது வேலை மிக அதிகமாக இருக்கும் நேரத்தில்.

உங்கள் ஆல்டிமீட்டர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 29.82 இருக்க வேண்டிய இடத்தில் 29.92 வைத்தால், கருவி காட்டும் உயரத்தைவிட விமானம் சுமார் 100 அடி கீழே இருக்கும். தெளிவான வானிலையில் கேப்டன் பார்த்துவிட்டார். மேகம் தாழ்ந்த இரவில், அவரும் களைத்திருந்தால்? பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் இந்த வரியை நீங்கள் சீக்கிரமாகக் கடந்து போய்விட்டீர்கள், எனக்குக் கடக்க முடியவில்லை.

கிளம்பும் முன் ஒன்று செய்து பார்க்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எச்சில் விழுங்குங்கள். அப்புறம் மூக்கைப் பிடித்தபடியே மிக லேசாக ஊதுங்கள். இரண்டு காதிலும் ‘டிக்’ என்று விடுபட வேண்டும். ஒரு காது விடவில்லை என்றால் அன்றைக்கு நீங்கள் பறக்கத் தகுதியில்லை. பலமாக ஊதித் திறக்க வைப்பது வெற்றியல்ல, அது கிருமியை நடுக்காதுக்குத் தள்ளும். ஸ்ப்ரே அடித்துக் காதைத் திறந்துகொண்டு கிளம்புவதும் வேண்டாம். மருந்தின் வேகம் இறங்கும் நேரமும் விமானம் இறங்கும் நேரமும் ஒன்றாக வந்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது அந்த இரவு மாத்திரை. இரவு நேரச் சளி மருந்துகள் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் ஆன்டிஹிஸ்டமின் இருக்கிறது. டைஃபென்ஹைட்ரமின் சாப்பிட்டால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது எஃப்.ஏ.ஏ.வின் அறிவுரை. நீங்கள் ஒரு இரவு கூடக் காத்திருக்கவில்லை. “எழுந்தபோது தூக்கக் கலக்கம் இல்லை” என்று சொல்கிறீர்கள். இந்த மருந்தின் விஷயத்தில் அந்த உணர்வை நம்பவே முடியாது. விழித்திருப்பதாக நினைக்கும்போதே கவனமும் எதிர்வினையும் மந்தமாக இருக்கும். 29.82 எப்படி 29.92 ஆனது என்பதில் காதுக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ரிசர்வ் நாள் நெருங்கும்போது மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாயில் போடுங்கள்.

எஃப்.ஏ.ஏ. பற்றிய பயம்

சளிக்காக சிக் சொன்னால் அந்தத் தகவல் எஃப்.ஏ.ஏ.வுக்குப் போகும், மெடிக்கல் ஆபத்தில் விழும் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. சிக் கால் என்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் இருக்கும் விஷயம். விதி 61.53 சொல்வதே இதைத்தான்: மருத்துவச் சான்றுக்கான தகுதியைப் பாதிக்கும் நிலை இருப்பது தெரிந்தால், அல்லது அப்படிப்பட்ட மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அந்த நாளில் நீங்களே பறக்காமல் இருக்க வேண்டும். சளி சரியானதும் யாரிடமும் அனுமதி கேட்காமல் திரும்பி வரலாம். டாக்டரிடம் போயிருந்தால், அடுத்த பரிசோதனைப் படிவத்தில் கடந்த 3 ஆண்டுகளில் பார்த்த மருத்துவர்களைக் கேட்கும் இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். சளி, காதுவலி என்று எழுதியிருப்பதைப் பார்த்து எந்தப் பரிசோதகரும் புருவத்தை உயர்த்த மாட்டார். எழுதாமல் மறைப்பதுதான் பின்னாளில் தலைவலி.

மாறாக, அன்றைக்கு நீங்கள் பறந்ததுதான் உங்கள் சான்றிதழுக்கு ஆபத்து. விமானிகளின் பணிநேரம், ஓய்வு பற்றி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பகுதி 117 விதிகளின்படி ஒவ்வொரு விமானத்துக்கும் முன்பு “நான் பணிக்குத் தகுதியாக இருக்கிறேன்” என்று நீங்கள் உறுதி சொல்ல வேண்டும். பழக்கத்தில் அது ஒரு கையெழுத்தாக, ஒரு பட்டனாகக் கடந்துபோகிறது. ஏதாவது நடந்திருந்தால் விசாரணையில் முதலில் எடுத்து மேசையில் வைப்பது அதைத்தான்.

“சும்மா இருக்கும் நாள்” என்று ஒன்று கிடையாது

ரிசர்வ் நாளில் நீங்கள் சும்மா இருப்பதாக நினைப்பதை மாற்றிக்கொள்ளுங்கள். ஷார்ட் காலில் நீங்கள் கிடைக்க வேண்டிய நேரம் 14 மணி நேரம் வரைக்கும் நீளலாம். அந்த நேரம் தொடங்கியதிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது: இரண்டு விமானிகள் ஓட்டும் பயணத்தில், ரிசர்வ் நேரமும் பறக்கும் பணிநேரமும் சேர்ந்து பொதுவாக 16 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைவாகவே பல நாட்களில் முடியும். சட்டமே அதை வேலையோடு சேர்த்து எண்ணும்போது நீங்கள் ஏன் ஓசிச் சம்பளம் என்று நினைக்க வேண்டும்? நிறுவனம் வாங்கியிருப்பது, கூப்பிட்டால் வரக்கூடிய, பறக்கத் தகுதியான ஒரு விமானியை. தகுதியில்லாத நாளில் அதைச் சொல்வதும் அந்த வேலைக்குள் அடக்கம். சிக் சொன்னால் உங்கள் சிக் பேங்கிலிருந்து, அதாவது சேர்ந்திருக்கும் நோய் விடுப்பிலிருந்து, மணி நேரம் கழியும், அவ்வளவுதான். எவ்வளவு கழியும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும்.

கேப்டன் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். புரொபேஷன் உண்மையான ஆபத்து. அந்தக் காலத்தில் வேலையிலிருந்து நீக்கினால் யூனியன் வழியாக எதிர்த்து வாதாடும் உரிமை பல ஒப்பந்தங்களில் கிடையாது. வாரக் கடைசி, பண்டிகை நாள், விடுமுறையை ஒட்டிய நாள் என்று சிக் கால்கள் வரிசையாக விழுந்தால் நிறுவனம் கவனிக்கும். குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் காப்பாற்றும் என்று எழுதியிருக்கிறீர்கள். விமானப் பணியாளர்களுக்கு அதில் தனிக் கணக்கு உண்டு: 12 மாத வேலை, அதில் 504 மணி நேரப் பணி, உறுதியளித்த மாத மணி நேரத்தில் 60 சதவீதம். ஒன்பது மாதத்தில் நீங்கள் இன்னும் அதற்குள் வரவில்லை. வந்தாலும் சாதாரணச் சளிக்கு அது பொருந்தாது.

இத்தனையும் வைத்துப் பார்த்தாலும் என் பதில் மாறவில்லை. உண்மையான நோய்க்கு, ஒழுங்கான முறையில் செய்த ஒரு சிக் காலை எந்த விசாரணையிலும் நிமிர்ந்து நின்று சொல்லலாம். காது அடைத்தபடி பறந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

ஒழுங்கான முறை என்று சொன்னேன். அதில் நான் முக்கியமாக நினைப்பவை:

– முந்தைய மாலையே தெரிந்தால் மாலையிலேயே கூப்பிடுங்கள். ஆஸ்டின் வீட்டில் மூக்கு அடைத்தபோதே சொல்லியிருந்தால் ஷெட்யூலருக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்ய ஒரு இரவு இருந்திருக்கும். நீங்களும் எட்டு பேர் படுக்கும் அறைக்குச் சளியைக் கொண்டுவந்திருக்க மாட்டீர்கள்.

– என்ன டிரிப் வருகிறது என்று பார்த்துவிட்டுச் சிக் சொல்லாதீர்கள். நிஜமாகவே உடம்பு முடியாவிட்டாலும் அது டிரிப் பிடிக்காமல் சொன்னது போலத்தான் தெரியும். உங்களுக்குப் பதிலாக அதிகாலையில் எழுப்பப்படுபவரும் உங்களைப்போல் ரிசர்வில் இருக்கும் ஒருவர்தான்.

– “உடம்பு சரியில்லை, இன்றைக்குப் பறக்க முடியாது” போதும். அறிகுறிகளை அடுக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். தேதி, நேரம், யாரிடம் பேசினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போது திரும்ப முடியும் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். தெரிந்த உடனே, உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்லும் ‘வெல்’ கால் செய்யுங்கள்.

– சிக் சொன்ன நாளில் ஜம்ப் சீட்டில் ஏறி வீட்டுக்குப் போகாதீர்கள். ஜம்ப் சீட்டில் இருப்பவரும் காக்பிட்டில் இருக்கும் விமானிதான், அவசரம் என்றால் கை கொடுக்க வேண்டியவர். அதோடு, உங்கள் பயணச் சலுகைப் பதிவுகளை நிறுவனம் பார்க்க முடியும். பேஸில் நோயாகி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் எப்படிப் போகலாம் என்று யூனியனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விமானத்தில் இடம் கிடைக்காத நாள்

இப்போது அந்த முதல் சிக் காலுக்கு வருவோம். அது தவறு. பல நிறுவனங்களில் வேலை நீக்கத்துக்குக் காரணமாகும் அளவுக்குத் தவறு. திரும்பச் செய்யாதீர்கள். அதை மூடி மறைக்கப் பழைய தேதியில் மருத்துவச் சான்று வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் பேசுவதற்கு முன் யூனியன் பிரதிநிதியை அழையுங்கள், பேசும்போது இன்னொரு பொய் சேர்க்காதீர்கள்.

வருத்தம் என்னவென்றால், அந்தப் பொய்க்குத் தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம். பேஸுக்கு வெளியே வசிப்பவர்களுக்காகப் பல ஒப்பந்தங்களில் கமியூட்டர் விதி உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்து சேரும் இரண்டு விமானங்களில் முயற்சி செய்து இடம் கிடைக்காவிட்டால், உடனே ஷெட்யூலிங்குக்குச் சொன்னால் தண்டனை இல்லை என்பது அதன் பொதுவான வடிவம். சம்பளம் போகலாம். ரிசர்வுக்கும் புரொபேஷனுக்கும் இந்த விதி பொருந்துமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. ஆகவே இந்த வாரமே உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். விமானத்துக்குப் பெயர் பதிவு செய்த திரையையும், இடம் இல்லை என்று காட்டிய திரையையும் படமெடுத்து வையுங்கள்.

விதி பொருந்தாவிட்டாலும் “வர முயற்சி செய்தேன், இடம் கிடைக்கவில்லை, அடுத்த விமானத்தில் வருகிறேன்” என்று சொல்வது ஒரு வருகைப் பிரச்சினை. அதற்குக் கண்டிப்பு உண்டு, கணக்கு உண்டு, முடிவும் உண்டு. பொய் சொன்னால் அது நாணயப் பிரச்சினை, அதிலிருந்து மீள்வது கடினம்.

நண்பர் சொன்ன இன்னொரு யோசனை பற்றியும் கேட்டிருந்தீர்கள்: ரிசர்வ் வரிசையில் நம் பெயர் கீழே இருந்தால் ஷார்ட் காலை ஆஸ்டின் வீட்டிலிருந்தே ஓட்டிவிடலாமாம். கூடாது. ஆஸ்டினிலிருந்து சிகாகோவுக்குப் பறக்கும் நேரமே இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஒரு நாள் மழையில் சிகாகோவில் பாதி விமானம் தாமதமானால் வரிசையின் கடைசிப் பெயருக்கும் போன் வரும். அப்போது மறுபடி “உடம்பு சரியில்லை” என்று சொல்லத் தோன்றும், பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். நீண்ட முன்னறிவிப்பு தரும் ரிசர்வான லாங் கால் வேறு. அதில் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதால் வீட்டிலிருந்து காத்திருக்க வழியுண்டு.

களைப்புக்குத் தனி வழி

உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் தூங்கவில்லை என்ற நாட்கள் உங்களுக்கு வரத்தான் செய்யும். அதற்குச் சிக் கால் தேவையில்லை. களைப்பு என்று சொல்வதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. பகுதி 117-ன்படி, தன் களைப்பால் பறக்க முடியாது என்று ஒரு விமானி தெரிவித்தால் நிறுவனம் அவரைத் தொடர்ந்து பறக்க விடக் கூடாது. ஆனால் களைப்புக்குக் காரணம் உங்கள் சொந்தப் பயணம் என்றால் அன்றைய சம்பளம் கழியலாம், கேள்வியும் வரலாம். வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் கமியூட் நேரத்துக்குச் சட்டத்தில் மணிக்கணக்கு வரம்பு கிடையாது. பொறுப்பை உங்கள் தோளில்தான் வைத்திருக்கிறது.

2009 பிப்ரவரி 12 அன்று நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர் முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். கேப்டன் அதே இரவை நியூவர்க் பணியாளர் அறையில் கழித்திருந்தார். காக்பிட் ஒலிப்பதிவில் ஃபர்ஸ்ட் ஆபீசருக்குச் சளி இருந்தது தெரிகிறது, சிக் சொன்னால் ஹோட்டலுக்குத் தன் கைக்காசு போகும் என்று பேசியதும் இருக்கிறது. விபத்துக்குக் காரணம் ஸ்டால் (இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலை) எச்சரிக்கைக்குக் கேப்டன் காட்டிய தவறான எதிர்வினை என்றே விசாரணை முடிவு சொன்னது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று கணிக்க முடியவில்லை என்றும் சொன்னது. சளியை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் குறைந்த சம்பளத்தில், வீட்டை விட்டுத் தூரத்தில், ஹோட்டல் செலவை எண்ணிக்கொண்டு பறக்கப்போன அந்த இளம் விமானியின் நிலையை உங்கள் கடிதத்தில் நான் அப்படியே பார்க்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களையும் குறை சொல்லவில்லை. அதனால்தான் நோயில் பேஸில் மாட்டிக்கொண்டால் இரண்டு இரவு ஹோட்டலுக்கு ஆகும் பணத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள் என்கிறேன். அந்தத் தொகை கையில் இருந்தால் போனை எடுத்து உண்மையைச் சொல்வது எவ்வளவோ சுலபம்.

சிகாகோவுக்கு மாறலாமா?

பயத்தில் இந்த முடிவை எடுக்க வேண்டாம். பேஸில் வசித்தால் ரிசர்வ் வாழ்க்கை தலைகீழாக மாறும் என்பது உண்மை. சொந்தப் படுக்கையில் தூங்கலாம், மகளோடு காலை உணவு சாப்பிட்டுக்கொண்டே போனுக்குக் காத்திருக்கலாம். ஆனால் மனைவியின் வேலை போகும், புது ஊரில் டேகேர் தேட வேண்டும், பிராந்திய நிறுவனங்களில் பேஸ்கள் மூடப்படுவதும் நடக்கும். மாறிய ஆறாம் மாதத்தில் உங்கள் பேஸே மாறலாம்.

முடிவெடுக்கும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். சிகாகோ பேஸில் லைன் (மாதம் முழுவதற்கும் நிலையான பயண அட்டவணை) பிடிப்பவர்களில் கடைசி நபரின் சீனியாரிட்டி எண் என்ன, அதற்கும் உங்கள் எண்ணுக்கும் எவ்வளவு தூரம்? லாங் கால் கேட்டுப் பெற முடியுமா? ஆஸ்டினுக்கு நிறைய விமானம் இருக்கும் வேறு பேஸ் ஏதாவது உங்கள் எண்ணுக்கு எட்டுமா? லைன் கிடைக்க நாலைந்து மாதம்தான் என்றால் இந்தக் கஷ்டத்தைத் திட்டமிட்டுக் கடந்துவிடலாம்: ரிசர்வ் தொடங்கும் முந்தைய இரவுக்குப் பதில் முந்தைய மதியமே கிளம்புங்கள், இரண்டு மாற்று விமானங்களையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் ஆகும் என்றால் மனைவியோடு உட்கார்ந்து வாடகை, டேகேர், அவருடைய சம்பளம் எல்லாவற்றையும் எழுதிக் கணக்குப் போடுங்கள். இந்தப் பேச்சில் அவரும் ஆரம்பத்திலிருந்தே இருக்க வேண்டும். கடிதம் முழுக்க அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.